கண் புரை ஆப்பரேஷனும் அதன் செலவும்: சுங்கை சிப்புட் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலும் எல்பில், ஹீவூட், கமுனிங் பக்கத்துத் தோட்டங்களிலும் பெரியவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் கண் புரை பற்றிக் கேட்கும் கேள்விகள் இவை. நான் டாக்டர் அல்ல. பெரியவர்களுக்குத் துணையாக ஈப்போ கண் கிளினிக்குக்குப் போய் வருகிறவன். உங்கள் கண்ணைப் பார்த்த டாக்டர் வேறு மாதிரி சொன்னால், அவர் பேச்சைத்தான் கேட்க வேண்டும்.

அம்மாவுக்குப் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. கண்ணாடியை மாற்றினால் போதாதா?

ஆரம்பத்தில் போதும். புரை மெல்ல வளரும்போது கண்ணாடியின் பவர் அடிக்கடி மாறும். சிலருக்கு திடீரென்று கண்ணாடி இல்லாமலே கிட்டத்தில் படிக்க வரும். "கண் நல்லாயிருச்சு" என்று சந்தோஷப்படுவார்கள், ஆனால் அதுவும் புரையின் அறிகுறிதான். புதுக் கண்ணாடி போட்டும் தெளிவு வரவில்லை, எதிரே வரும் வண்டியின் விளக்கு சிதறிக் கண்ணைக் கூசுகிறது, சட்டையின் நிறம் மங்கித் தெரிகிறது என்றால் கடைக்குப் போய்ப் பயனில்லை. கிளினிக்குக்குப் போங்கள்.

புரை ஏன் வருகிறது? நம் ஆட்களுக்கு மட்டும் சீக்கிரமே வருகிறதே?

கண்மணிக்குப் பின்னால் இயற்கையாகவே ஒரு லென்ஸ் இருக்கிறது. வயதாக ஆக அது தெளிவு இழந்து வெளுக்கும், பழுக்கும். முக்கியமான காரணம் வயதுதான். அதோடு இனிப்பு நீர் (சர்க்கரை நோய்), புகை பிடிப்பது, வருடக்கணக்கில் வெயிலில் வேலை செய்தது, கண்ணில் பட்ட அடி, நீண்ட நாள் சாப்பிட்ட ஸ்டீராய்டு மாத்திரை எல்லாம் அதை விரைவுபடுத்தும்.

சீக்கிரம் வருகிறது என்று நீங்கள் சொல்வதற்குப் பெரும் காரணம் இனிப்பு நீர். 2019-இல் நடந்த தேசிய உடல்நல ஆய்வில், மலேசிய இந்தியர்களில் வயது வந்தோரில் ஏறக்குறைய பத்தில் மூன்று பேருக்கு அது இருந்தது. மற்ற இனத்தவரை விட இது அதிகம். இனிப்பு நீர் உள்ளவர்களுக்குப் புரை சில வருடம் முந்தியே வந்துவிடும். அது விழித்திரையையும் கெடுக்கும். விழித்திரை கெட்டிருந்தால் புரையை எடுத்தும் முழுப் பார்வை வராது. அதனால் அரசாங்க கிளினிக்கில் வருடத்துக்கு ஒரு முறை கண்ணைப் படம் எடுக்கக் கூப்பிட்டால் தட்டிக்கழிக்காதீர்கள்.

புரை நன்றாக முத்திய பிறகுதான் எடுக்க வேண்டும் என்கிறார்களே?

எனக்கு அதிகம் மனவருத்தம் தரும் கேள்வி இதுதான். இந்த ஒரு நம்பிக்கையால் வருடக்கணக்கில் இருட்டில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் ஒவ்வொரு லயத்திலும் இருக்கிறார்கள்.

இந்தப் பேச்சு வந்ததற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்தில் கெட்டுப்போன லென்ஸை முழுதாக எடுத்துவிடுவார்கள், அதற்குப் பதிலாக எதையும் வைக்கமாட்டார்கள். பிறகு ஆயுசுக்கும் சோடா புட்டிக் கண்ணாடிதான். கண்ணே தெரியாத நிலைக்கு வந்தவருக்குத்தான் அது லாபம், அதனால் காத்திருக்கச் சொன்னார்கள். லண்டனில் ஹெரால்ட் ரிட்லி என்ற டாக்டர் 1949-இல் முதன்முதலாகக் கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைத்தார். 1967-இல் நியூயார்க்கில் சார்ல்ஸ் கெல்மன் என்பவர், ஒலி அதிர்வால் புரையை உடைத்துச் சின்னத் துளை வழியே உறிஞ்சி எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். இன்று ஈப்போவில் செய்வதும் அதன் வளர்ந்த வடிவம்தான். இந்த முறைக்குப் புரை இளசாக இருப்பதே நல்லது. முற்றிக் கல்லாகிப்போனால் உடைக்க அதிக நேரம் பிடிக்கும், அதிக அதிர்வு தேவைப்படும், கருவிழிக்குச் சேதம் வரலாம். சில சமயம் பெரிதாக வெட்டித் தையல் போட வேண்டியும் வரும்.

இன்னொன்றும் இருக்கிறது. அளவு மீறி முற்றிய புரை வீங்கலாம், கசியலாம். அப்போது கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, கண் சிவந்து, தலைவலியும் வாந்தியும் வரும். பார்வை நரம்பு அழிந்துவிட்டால் அதைத் திருப்பிக் கொண்டுவர யாராலும் முடியாது.

அப்படியானால் எப்போது எடுப்பது? அன்றாட வாழ்க்கைக்கு இடைஞ்சலாகும்போது. மருந்துப் பொட்டலத்தில் உள்ள எழுத்து, எதிரே வருகிறவரின் முகம், பஸ்ஸின் நம்பர், குளியலறைப் படி இவையெல்லாம் தடுமாறத் தொடங்கினால் அதுவே நேரம். 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் 2014-இல் எடுத்த தேசியக் கண் ஆய்வில், நம் நாட்டில் பார்வை போனவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் காரணம் புரை. சரிசெய்யக்கூடிய ஒன்றால் இத்தனை பேர் பார்வை இழந்து இருக்கிறார்கள்.

சொட்டு மருந்தில் கரையாதா? நந்தியாவட்டைப் பூச் சாறு, தேன்?

கரையாது. புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து உலகத்தில் இன்னும் வரவில்லை. வாட்ஸ்அப்பில் வரும் விளம்பரத்தை நம்பி இருநூறு முந்நூறு வெள்ளியை (ரிங்கிட்) கொட்டாதீர்கள். பூச்சாறு, தேன், தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதையும் கண்ணில் விட வேண்டாம். கிருமி புகுந்து கருவிழியில் புண் வந்தால், ஆப்பரேஷனால் கிடைக்க வேண்டிய பார்வையும் போய்விடும்.

எங்கே ஆரம்பிப்பது?

வீட்டுக்குப் பக்கத்து அரசாங்க கிளினிக்கில். ஐசி (அடையாள அட்டை), இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகள், பழைய கண்ணாடி இவற்றைக் கொண்டுபோங்கள். அங்கே பார்வையைச் சோதித்து, கண் பிரிவுக்குக் கடிதம் தருவார்கள். நம் பக்கத்தவர்களைப் பெரும்பாலும் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். இங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர்.

முதல் நாளில் கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள். அதற்குப் பிறகு சில மணி நேரம் எல்லாம் கலங்கலாகத் தெரியும், வெயில் கூசும். மோட்டாரில் தனியாக வந்தவர் வீடு திரும்ப முடியாமல் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். கண்டிப்பாக ஒருவர் கூட வர வேண்டும்.

எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்?

அரசாங்க மருத்துவமனையில் பல மாதம் ஆகலாம். இரண்டு கண்ணும் மோசமாக இருந்தாலோ கண் அழுத்தம் ஏறியிருந்தாலோ முன்னுக்குத் தேதி தருவார்கள். காத்திருக்கும்போது பார்வை திடீரென்று குறைந்தால் தேதி வரும்வரை பேசாமல் இருக்க வேண்டாம். கிளினிக்கில் போய்ச் சொல்லுங்கள். வரிசை நீளம் என்பதால்தான் சீக்கிரம் பெயர் கொடுக்கச் சொல்கிறேன். தீபாவளி கழியட்டும், பேரன் கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டால் வரிசையில் இன்னும் பின்னுக்குப் போவீர்கள்.

அரசாங்க மருத்துவமனையில் எவ்வளவு செலவாகும்?

குடிமக்களுக்கு நிபுணர் கிளினிக்கில் ஒரு தடவைக்கு 5 வெள்ளி. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு வெளிநோயாளர் பதிவுக் கட்டணத்தில் விலக்கு உண்டு. மூன்றாம் வகுப்பு வார்டு நாளுக்கு 3 வெள்ளி. பெரும்பாலும் காலையில் போய் அன்றே திரும்பும் ஆப்பரேஷன் இது. ஓய்வூதியம் வாங்கும் முன்னாள் அரசாங்க ஊழியர்களுக்கும் அவர்களுடைய துணைக்கும் தனிச் சலுகை இருக்கிறது, ஓய்வூதிய அட்டையைக் காட்டுங்கள்.

கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது லென்ஸ் விஷயம்தான். "லென்ஸுக்குத் தனியாகக் கட்ட வேண்டுமா, எவ்வளவு?" என்று தேதி கொடுக்கும் நாளிலேயே கேளுங்கள். எப்படிப் பார்த்தாலும் மூன்றாம் வகுப்பில் ஆகும் செலவு நூறுகளில்தான் இருக்கும், ஆயிரங்களில் போகாது. பத்தாயிரம் வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பயந்து, கிளினிக் வாசலையே மிதிக்காதவர்கள் இருக்கிறார்கள்.

உண்மையில் நம் குடும்பங்களுக்குக் கை கடிப்பது வேறு செலவு. துணைக்கு வரும் மகனுக்கு நாள் சம்பளம் போகும். கிரேப் வாடகைக் கார் எடுத்தால் போக வர அதற்கொரு தொகை. பரிசோதனை, அளவெடுப்பு, ஆப்பரேஷன், மறுநாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று திரும்பத் திரும்ப ஈப்போவுக்குப் போக வேண்டும். இதற்குப் பணத்தை மட்டும் எடுத்து வைத்தால் போதாது, எந்த நாளில் யார் கூடப் போவது என்று வீட்டில் பேசிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

அந்த நூறுகூடக் கையில் இல்லையென்றால்?

இரண்டு வழி சொல்கிறேன். முதலாவது பெக்கா பி40, வருமானம் குறைந்தவர்களுக்கான அரசாங்க மருத்துவ உதவித் திட்டம். எஸ்டிஆர் எனும் அரசாங்க உதவித்தொகை பெறுகிறவர்களுக்கும் அவர்களுடைய துணைக்கும், 40 வயதைத் தாண்டியிருந்தால், இது உண்டு. இலவச உடல் பரிசோதனையோடு, அரசாங்க மருத்துவமனையில் வைக்கும் மருத்துவச் சாதனங்களுக்கு ஆயுசுக்கு 20,000 வெள்ளி வரை உதவி கிடைக்கும். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸும் அந்தச் சாதனங்களில் ஒன்று. தீபகற்பத்தில் உள்ளவர்களுக்கு 500 வெள்ளி வரை போக்குவரத்து உதவியும் அதில் இருக்கிறது. விண்ணப்பம் மருத்துவமனை வழியாகத்தான் போகும், அதனால் பணம் கட்டிய பிறகு கேட்காமல் முதலிலேயே கேளுங்கள்.

இரண்டாவது, ஒவ்வொரு பெரிய மருத்துவமனையிலும் இருக்கும் மருத்துவ சமூகநலப் பிரிவு. தாதியிடம் "பெகெர்ஜா சோசியல்" என்று கேட்டால் காட்டுவார்கள். சம்பளச் சீட்டு, வீட்டில் உள்ளவர்களின் ஐசி நகல், கரண்டு பில் கொண்டுபோனால் வேலை சுலபம். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

தனியாரில் செய்தால்?

சாதாரண லென்ஸோடு ஒரு கண்ணுக்குப் பொதுவாக 4,000 வெள்ளியிலிருந்து 8,000 வரை ஆகும். விசேஷ லென்ஸ் என்றால் அதற்கும் மேலே. விலை கேட்கும்போது மொத்தத் தொகையைக் கேளுங்கள்: அளவெடுப்பு, டாக்டர் கட்டணம், ஆப்பரேஷன் அறை, லென்ஸ், சொட்டு மருந்து, பிறகு வரும் பரிசோதனைகள் எல்லாம் சேர்ந்ததா என்று. பெட்டாலிங் ஜெயாவில் உள்ள துன் உசேன் ஓன் தேசியக் கண் மருத்துவமனை லாப நோக்கில்லாதது, அங்கேயும் விசாரிக்கலாம்.

மெடிக்கல் கார்டு (மருத்துவக் காப்புறுதி) இருந்தால் முன்கூட்டியே உத்தரவாதக் கடிதம் வாங்க வேண்டும். விசேஷ லென்ஸுக்கான கூடுதல் விலையைப் பல கார்டுகள் ஏற்பதில்லை. வரி கட்டும் பிள்ளைகள் பெற்றோரின் மருத்துவச் செலவுக்கு 8,000 வெள்ளி வரை வரிக்கழிவு கேட்கலாம், ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள்.

மே 2024-இலிருந்து இபிஎஃப் எனும் ஊழியர் சேமநிதியின் நெகிழ்வுக் கணக்கில் எப்போது வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம் என்பதால், அதை எடுத்துத் தனியாரில் செய்யலாமா என்றும் கேட்கிறார்கள். காத்திருக்க முடியாத அளவுக்கு வேலை பாதிக்கிறது என்றால் அது நியாயமான செலவு. அரசாங்கத் தேதி இரண்டு மூன்று மாதத்தில் இருக்கிறதென்றால் அந்தப் பணத்தைத் தொடாதீர்கள் என்பதே என் எண்ணம். செய்கிற வேலை இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

விலை கூடிய லென்ஸ் வாங்கினால் பார்வை கூடுதலாகத் தெரியுமா?

சாதாரண லென்ஸ் ஒரே தூரத்துக்குத்தான். வழக்கமாக எட்டப் பார்வைக்கு வைப்பார்கள், படிக்கக் கண்ணாடி வேண்டும். பல தூரத்துக்கான லென்ஸில் கண்ணாடித் தேவை குறையும், ஆனால் இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம். இனிப்பு நீரால் விழித்திரை கெட்டவர்களுக்கு அது பொதுவாகச் சரிவராது. கருவிழி வளைவில் கோளாறு அதிகம் உள்ளவர்களுக்கு மட்டும் அதற்கென ஒரு லென்ஸ் உண்டு. தோட்டத்துப் பெரியவர்கள் பெரும்பாலோருக்குச் சாதாரண லென்ஸே தாராளம். வேண்டாம் என்று சொல்வதால் யாரும் உங்களைக் குறைவாகக் கவனிக்கப்போவதில்லை.

பாட்டிக்குச் சிவப்பு ஐசி (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசி அட்டை). செய்வார்களா?

செய்வார்கள். குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கட்டணம் அதிகம் என்பதால், சிவப்பு ஐசிக்கு எந்தக் கட்டணம் என்று பதிவு முகப்பில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் சமூகநலப் பிரிவுக்குப் போங்கள்.

டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியது என்ன?

ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை: அதை நீங்களாக நிறுத்தவும் கூடாது, சொல்லாமல் இருக்கவும் கூடாது. சிறுநீர் தடையில்லாமல் போக ஆண்கள் சாப்பிடும் புரோஸ்டேட் மாத்திரை: டாம்சுலோசின் போன்றவை ஆப்பரேஷன் நேரத்தில் கண்மணியைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்திவிடும், முன்பே தெரிந்தால் டாக்டர் அதற்குத் தயாராக இருப்பார். "இது சிறுநீர் விஷயம், கண் டாக்டருக்கு எதற்கு" என்று தாத்தாக்கள் மறைக்கிறார்கள். மாத்திரைகளை மொத்தமாக ஒரு பையில் போட்டுக்கொண்டு போனால் இந்தக் கவலையே இல்லை. ஒவ்வாமை, விடாத இருமல், மல்லாந்து படுக்க முடியாத மூச்சிரைப்பு இவையும் சொல்ல வேண்டியவை.

வலிக்குமா? உள்ளே என்ன நடக்கும்?

பெரும்பாலோருக்கு முழு மயக்கம் கிடையாது. சொட்டு மருந்தாலோ கண்ணைச் சுற்றி ஓர் ஊசியாலோ மரத்துப்போகச் செய்வார்கள். காலையில் ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்ப்பார்கள். இரண்டில் ஒன்று எக்குத்தப்பாக இருந்தால் தேதியைத் தள்ளிவைத்துவிடுவார்கள். முந்தின இரவு விருந்து சாப்பாடு வேண்டாம். காலை மாத்திரை, சாப்பாடு பற்றி மருத்துவமனை சொன்னபடி செய்யுங்கள். மை, பவுடர், தலைக்கு எண்ணெய், நகை எதுவும் கூடாது.

மேசையில் படுத்ததும் முகத்தைத் துணியால் மூடி, ஒரு கண் மட்டும் தெரிகிற மாதிரி விடுவார்கள். இமை மூடாமல் இருக்கச் சின்னக் கம்பிக் கருவி ஒன்று வைப்பார்கள், அந்த நேரம் இமை இழுபடுவது தெரியும். பளிச்சென்ற வெளிச்சம். கத்தியோ ஊசியோ தெரியாது, வெளிச்சத்துக்குள் நிறங்கள் கலைவது போல இருக்கும். குளிர்ந்த தண்ணீர் கன்னத்தில் வழியும். இயந்திரம் சுருதி ஏறியும் இறங்கியும் சத்தம் போடும். டாக்டர் "தெங்ஙோக் லாம்பு", "ஜங்ஙான் கெராக்" என்பார்: விளக்கைப் பார், அசையாதே. அவ்வளவுதான் உங்கள் வேலை. இருமல் வந்தால் தலையை ஆட்டாமல் வாயால் சொல்லுங்கள், அவர் கையை எடுத்துக்கொள்வார்.

இரண்டு மூன்று மில்லிமீட்டர் துளை வழியே புரையை உடைத்து உறிஞ்சிவிட்டு, மடித்த லென்ஸை உள்ளே விடுவார்கள். அது தானாக விரிந்து, பழைய லென்ஸின் உறைக்குள் உட்கார்ந்துகொள்ளும். பெரும்பாலும் தையல் இல்லை. அரை மணிக்குள் முடிந்துவிடும். மற்றக் கண்ணைச் சில வாரம் கழித்துச் செய்வார்கள்.

ஆபத்தே இல்லையா?

இருக்கிறது, குறைவு. நூறு பேரில் இரண்டு பேர் அளவுக்கு லென்ஸின் உறை கிழியலாம். அதைப் பெரும்பாலும் அங்கேயே சமாளிப்பார்கள், சிலருக்கு இன்னொரு ஆப்பரேஷன் வேண்டிவரும். கண்ணுக்குள் கிருமி புகுவது ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவருக்கு. அதுதான் பெரிய ஆபத்து. வலி நாளுக்கு நாள் கூடுவது, சிவப்பு ஏறுவது, தெரிந்த பார்வை மறுபடி குறைவது, மின்னல் வெட்டுவது, திரை இறங்குவது போல ஒரு பக்கம் மறைவது இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள். இரவானாலும் ஞாயிற்றுக்கிழமையானாலும் சரி. அடுத்த சந்திப்புத் தேதி வரை காத்திருந்தால் கண்ணே போகலாம்.

வீட்டில் சொட்டு மருந்து விடுவது குழப்பமாக இருக்கிறதே?

ஆப்பரேஷன் பலன் தருவதும் தராததும் இதில்தான் இருக்கிறது. கிருமிக்கு ஒன்று, வீக்கத்துக்கு ஒன்று என்று குறைந்தது இரண்டு புட்டி தருவார்கள். ஏறத்தாழ ஒரு மாதம், வாரத்துக்கு வாரம் குறைத்துக்கொண்டே விட வேண்டியிருக்கும். எழுத்துத் தெரியாத பெரியவர்களுக்குப் ஒவ்வொரு புட்டியிலும் வேறு வேறு நிற நூலைக் கட்டிவிடுங்கள். ஹீவூட் பக்கத்து ஓர் அக்கா தன் மாமியாருக்குக் காலண்டர் தாளில் காலை, மதியம், மாலை, இரவு என்று நான்கு கட்டம் போட்டு, சொட்டு விட்ட பிறகு சிவப்பு நூல் மருந்துக்குச் சிவப்புப் பேனாவாலும் பச்சைக்குப் பச்சையாலும் கோடு இழுத்தார். ஒரு வேளையும் தவறவில்லை.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கீழ் இமையை இழுத்து, புட்டியின் முனை கண்ணில் படாமல் ஒரு சொட்டு. ஐந்து நிமிடம் கழித்து அடுத்த மருந்து. தூங்கும்போது பிளாஸ்டிக் மூடியைக் கண்மேல் ஒட்டிக்கொள்ள வேண்டும், தூக்கத்தில் கை தானாகக் கசக்கிவிடும்.

தலைக்குக் குளிக்கலாமா? சமைக்கலாமா? கோவிலுக்குப் போகலாமா?

கழுத்துக்குக் கீழே மறுநாளே குளிக்கலாம். முதல் இரண்டு வாரம் கண்ணில் தண்ணீர் படக்கூடாது. தலையைப் பின்னுக்குச் சாய்த்து வேறொருவர் அலசிவிடட்டும். சமையல் செய்யலாம், ஆனால் மிளகாய் தாளிக்கும் புகைக்கு முன் நிற்க வேண்டாம். கோவிலுக்குப் போகலாம். திருநீற்றை நெற்றியில் தூவ விடாமல் கையில் வாங்கிக்கொள்ளுங்கள், பொடி கண்ணில் விழும். அரிசி மூட்டை, கேஸ் தோம்பு தூக்காதீர்கள். டிவி பார்ப்பதால் எந்தக் கெடுதலும் இல்லை.

தோட்ட வேலைக்கு எப்போது திரும்பலாம்?

உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு ஒன்று இரண்டு வாரம். செம்பனைக் குலை வெட்டுவது வேறு கதை. அண்ணாந்து பார்த்து நீளக் கம்பை இழுக்க வேண்டும், மட்டையிலிருந்து தூசியும் பூவும் நேரே கண்ணில் கொட்டும். ஒரு மாதமாவது வேண்டும், டாக்டர் சரி என்ற பிறகுதான். ரப்பர் பால் வெட்டுகிறவர்களுக்கும் மருந்து அடிக்கிறவர்களுக்கும் அப்படியே. திரும்பிய பிறகும் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள்.

எம்சி (மருத்துவ விடுப்புச் சீட்டு) விஷயத்தில் பயப்பட வேண்டாம். 1955 வேலைச் சட்டப்படி, சேவைக் காலத்தைப் பொறுத்து வருடத்துக்கு 14, 18 அல்லது 22 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. மருத்துவமனையில் அனுமதிக்க வேண்டிய நிலைக்கு 60 நாள். 2023 ஜனவரியிலிருந்து இந்த இரண்டும் தனித்தனி. டாக்டரிடம் "அலுவலக வேலை அல்ல, குலை வெட்டுகிறேன்" என்று சொன்னால்தான் அதற்கேற்ற எம்சி எழுதுவார்.

பார்வை உடனே தெரியுமா?

பலருக்கு மறுநாளே. சிலருக்கு ஒரு வாரம் கலங்கலாக இருக்கும். வெள்ளை நீலம் பாய்ந்த மாதிரி தெரிவது சகஜம், இத்தனை வருடம் பழுப்பு லென்ஸ் வழியாகப் பார்த்த கண் அது. மணல் உறுத்துவது போல இருப்பதும் சில நாளில் அடங்கும். படிக்கும் கண்ணாடியை உடனே வாங்காதீர்கள். நான்கிலிருந்து ஆறு வாரத்தில் கண் நிலைப்படும், பிறகு அளவெடுங்கள்.

புரை மறுபடியும் வருமா?

வராது. செயற்கை லென்ஸ் ஆயுசுக்கும் இருக்கும். சிலருக்குச் சில மாதமோ வருடமோ கழித்து லென்ஸுக்குப் பின்னால் உள்ள உறை மங்கும். வெளிநோயாளராகப் போய் ஒரே லேசர் சிகிச்சையில், சில நிமிடத்தில், கத்தி இல்லாமல் சரிசெய்துவிடலாம்.

அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. இனிமேல் எதற்கு?

இதைப் பெரும்பாலும் பிள்ளைகள்தான் கேட்கிறார்கள், பெரியவர்கள் தலையாட்டிக்கொண்டு பேசாமல் இருக்கிறார்கள். வயது ஒரு தடையே அல்ல. எண்பது, தொண்ணூறு வயதிலும் செய்கிறார்கள். கண் தெரியாத பெரியவர் குளியலறைப் படியில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டால் அதன் செலவும் வேதனையும் இதைப் போலப் பல மடங்கு. அவர் போட்டுக்கொள்ளும் சர்க்கரை ஊசி மருந்தின் அளவைத் தானே பார்க்க வேண்டும், பத்திரிகை படிக்க வேண்டும், கொள்ளுப்பேத்தி முகத்தைப் பார்க்க வேண்டும். அவர் வேண்டாம் என்று சொன்னால், செலவுக்குப் பயந்து சொல்கிறாரா, உங்களுக்குத் தொந்தரவு என்று சொல்கிறாரா என்று உட்கார்ந்து கேளுங்கள். அப்புறம் ஒரு நாள் லீவு போட்டு, ஐசியையும் மாத்திரைப் பையையும் எடுத்துக்கொண்டு, காலை ஏழரைக்கெல்லாம் கிளினிக்கில் நம்பர் எடுங்கள்.